வெயில் ஊரில் கணப்பு எதற்கு? சைதாப்பேட்டைக்கு ஒரு திறந்தவெளி அடுப்பை மாணவர்கள் வடிவமைப்பது எப்படி?

‘திறந்தவெளியில் ஒரு கணப்பு வடிவமைத்துக் காட்டுங்கள்.’ கட்டடக்கலை, வடிவமைப்பு படிக்கும் மாணவர்களுக்கான போட்டியில் இப்படி ஒரு தலைப்பு வந்தால், பல குழுக்கள் முதலில் செய்வது இணையத்தில் படம் தேடுவதுதான். பனி பெய்யும் முற்றம், நடுவில் வட்டமான கல் தொட்டி, சுற்றிலும் மெத்தை போட்ட இருக்கைகள், கையில் காபி. அதையே கொஞ்சம் வளைத்து, நெளித்து, ஷீட்டில் வரைந்து ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது.

ஆனால், இடம் சென்னை சைதாப்பேட்டை என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? இங்கே யார் உட்கார்ந்து குளிர்காயப் போகிறார்கள்? நுங்கம்பாக்கம் வானிலை ஆய்வு மையத்தின் நூற்றாண்டு கடந்த பதிவுகளிலேயே மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி செல்சியஸ்தான். அதுவும் 1895 டிசம்பரிலும் 1905 ஜனவரியிலும் பதிவானது. ஊட்டி, கொடைக்கானல் பங்களாக்களில் கணப்புக்கு அர்த்தம் இருக்கிறது. அடையாற்றங்கரையில் அதே பொருளை வைத்தால் அது அலங்காரப் பொருள், அவ்வளவுதான்.

அப்படியானால் இந்தத் தலைப்பே நம்ம ஊருக்குப் பொருந்தாதா? நிச்சயம் பொருந்தும். அதற்கு, சைதாப்பேட்டையில் ஏற்கெனவே எங்கெல்லாம் வெளியில் தீ மூட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

சைதாப்பேட்டையில் தீ எங்கே எரிகிறது?

ஆடி மாதம் வந்தால் சென்னையின் அம்மன் கோயில்களில் கூழ் வார்ப்பார்கள். கேழ்வரகு மாவும் நொய்யும் சேர்த்து, பெரிய அண்டாக்களில், தெருவிலேயே விறகு அடுப்பு மூட்டிக் காய்ச்சுவது வழக்கம். மூன்று பக்கமும் செங்கல் அடுக்கி, மேலே அண்டாவை ஏற்றி, நீளமான துடுப்பால் ஒருவர் மாற்றி ஒருவர் கிளறுவார்கள். தை மாதம் வந்தால் வாசலில், தெருமுனையில் பொங்கல் பானை. கல்யாணம், காதுகுத்து, அன்னதானம் என்றால் செங்கல் வைத்து நீளவாக்கில் கட்டும் கோட்டை அடுப்பு. பிரியாணிக் கடைகளில் ‘விறகு அடுப்பில் செய்தது’ என்பதே இன்றைக்கு விளம்பரம். அதற்கெல்லாம் மேலே, போகியன்று விடியற்காலையில் வீட்டுக்கு வீடு எரியும் பழைய பொருட்கள்.

ஆக, சைதாப்பேட்டையின் கணப்பு என்பது குளிருக்கானது கிடையாது. நூறு பேருக்குச் சமைக்கவும், நாலு பேர் கூடவும் ஆனது. இதைப் பிடித்துக்கொண்டால் வடிவமைப்பு முழுவதும் தலைகீழாக மாறும்.

எப்படி மாறும்? 1790களில் கவுன்ட் ரம்ஃபோர்ட் என்ற விஞ்ஞானி, இங்கிலாந்து வீடுகளின் கணப்புகளைத் திருத்தி அமைத்தார். ஆழத்தைக் குறைத்தார், பக்கச் சுவர்களைச் சாய்த்தார், புகைபோக்கியின் கழுத்தைக் குறுக்கினார். நோக்கம் ஒன்றே: தீயின் சூடு அறையில் இருப்பவர்கள் மேல் அதிகம் பட வேண்டும், புகை மட்டும் மேலே போக வேண்டும். மேற்கத்திய கணப்பு வடிவமைப்பு இன்று வரைக்கும் இந்தக் கணக்கில்தான் நிற்கிறது. சைதாப்பேட்டையிலோ சூடு மனிதர்கள் மேல் படவே கூடாது. முழுச் சூடும் பாத்திரத்துக்குப் போகணும், கிளறுகிறவர் வேர்த்து விறுவிறுத்து நிற்கக் கூடாது. ஆடி மாசத்து வெயிலோடு அடுப்புச் சூடும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது கூழ் கிளறியவர்களைக் கேட்டால் தெரியும்.

பிரச்னை அழகு இல்ல, புகை

2018ஆம் ஆண்டு போகியன்று, ஜனவரி 13ஆம் தேதி காலை, புகையும் பனியும் சேர்ந்து சென்னை விமான நிலையத்தில் ஓடுபாதையே தெரியாமல் போனது. விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பிவிடப்பட்டன, பல தாமதமாகின. மீனம்பாக்கத்துக்கும் சைதாப்பேட்டைக்கும் சில கிலோமீட்டர்தான் இடைவெளி.

ஏன் அன்றைக்கு மட்டும் அப்படி? மார்கழிக் கடைசி விடியலில் காற்று அசையாது. தரையை ஒட்டிய காற்று குளிர்ந்தும், அதற்கு மேலே உள்ள காற்று கொஞ்சம் வெப்பமாகவும் இருக்கும். இந்த அமைப்பு ஒரு மூடி மாதிரி. கீழே எழும் புகை மேலே கலையாமல் தெருவிலேயே தங்கிவிடுகிறது.

புகையில் இருக்கும் பி.எம். 2.5 எனப்படும் நுண்துகள், 24 மணி நேர சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனம் 2021இல் தந்த வழிகாட்டல். இந்தியாவின் வரம்பு 60. விறகு அடுப்புக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு இந்த எண்கள் எல்லாம் வெகு சீக்கிரம் தாண்டிவிடும். வீட்டுச் சமையல் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலக அளவில் சுமார் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. அது பெரும்பாலும் மூடிய சமையலறைக் கணக்கு. ஆனாலும் இருபுறமும் மாடி வீடுகள் நெருங்கி நிற்கும் சைதாப்பேட்டைச் சந்து ஒன்றை முழுத் திறந்தவெளி என்று சொல்ல முடியுமா? முதல் மாடி ஜன்னலுக்கு நேராகத்தான் புகை போகும். போட்டியில் ஜெயிக்க வேண்டிய விஷயம் இதுதான்.

ட்ரோண்ட்ஹைமில் இருந்து எதை எடுக்கலாம்?

நார்வே நாட்டின் ட்ரோண்ட்ஹைம் நகரில், சிறுவர் விளையாட்டுத் திடல் ஒன்றில் 2009இல் கட்டப்பட்ட ‘குழந்தைகளுக்கான கணப்பு’ இந்தத் துறையில் நன்கு அறியப்பட்ட படைப்பு. ஹாகன்/ஜோஹர் என்ற கட்டடக்கலை நிறுவனம் செய்தது. கையில் பணம் குறைவு. அதனால் பக்கத்துக் கட்டுமானத் தளத்தில் மிஞ்சிய சின்னச் சின்ன மரத்துண்டுகளை வாங்கி, 80 வட்டங்களாக ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினார்கள். மேலே போகப் போகக் குறுகி, உச்சியில் திறந்திருக்கும் கூம்பு. மரத்துண்டுகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி வழியாகக் காற்று உள்ளே வரும், புகை உச்சி வழியாகப் போகும். அந்தக் கட்டடமே ஒரு புகைபோக்கி. உள்ளே குழந்தைகள் உட்கார்ந்து கதை கேட்கலாம்.

இதை அப்படியே கொண்டுவந்து இங்கே வைத்தால், ஐந்து நிமிஷம் கூட யாரும் உள்ளே உட்கார முடியாது. எடுக்க வேண்டியது வேறு இரண்டு விஷயம்: பக்கத்தில் கிடைக்கும் மிச்சப் பொருளையே கட்டுமானப் பொருளாக்கியது, அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன வேண்டும் என்பதிலிருந்து ஆரம்பித்தது. இங்கே மிச்சப் பொருளுக்கா பஞ்சம்? பழைய வீடு இடிக்கும் இடங்களில் நல்ல சுட்ட செங்கல்லும் ஓடும் லோடு லோடாகக் கிடைக்கிறது.

புகையில்லா அடுப்பு: எழுபது வருஷப் பாடம்

இந்தியாவில் நல்ல அடுப்பு செய்யும் முயற்சி புதிதல்ல. தஞ்சாவூரில் பிறந்த பொருளியலாளர் ஜே.சி. குமரப்பா வழிநடத்திய வார்தா கிராமத் தொழில் மையத்தில் உருவானது ‘மகன் சூலா’. 1950களில் ஐதராபாத் பொறியாளர் எஸ்.பி. ராஜு, புகைபோக்கியும் பல பாத்திர வாயும் கொண்ட மண் அடுப்பை வடிவமைத்துச் சிறுநூலாகவே எழுதினார். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ‘அஸ்த்ரா’ குழு 1980களில் மூன்று பாத்திர அடுப்பு ஒன்றைக் கொண்டுவந்தது. கோவை வேளாண் பல்கலைக்கழகமும் விறகு, பண்ணைக் கழிவு எரிக்கும் அடுப்புகளில் வேலை செய்திருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகத்தின் வேர் எங்கே தெரியுமா? 19ஆம் நூற்றாண்டில் சைதாப்பேட்டையில் தொடங்கிய வேளாண் பள்ளிதான் 1906இல் கோவைக்குப் போனது.

1980களின் நடுவில் மத்திய அரசு தேசிய அளவில் மேம்பட்ட அடுப்புத் திட்டம் தொடங்கியது. 2002இல் அது முடிவதற்குள் 3 கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் வைக்கப்பட்டன. ஆனால் வைத்ததில் எத்தனை தொடர்ந்து எரிந்தன என்பதுதான் கேள்வி. புகைபோக்கி அடைத்துக்கொண்டது, யாரும் சுத்தம் செய்யவில்லை. வீட்டுப் பாத்திரம் அடுப்பு வாயில் பொருந்தவில்லை. விறகைச் சின்னச் சின்னதாக வெட்ட வேண்டியிருந்தது.

ஒடிசாவில் சுமார் 2,600 குடும்பங்களை நான்கு ஆண்டுகள் வரை பின்தொடர்ந்த ஆய்வு இதை எண்களோடு காட்டியது. எஸ்தர் டஃப்லோ, மைக்கேல் க்ரீன்ஸ்டோன், ரீமா ஹன்னா மூவரும் செய்த அந்த ஆய்வில், புது அடுப்பு வந்த முதல் ஆண்டில் புகை சுவாசிப்பது குறைந்தது. பிறகு பழையபடியே ஆனது. அடுப்பில் கோளாறு என்பதைவிட, அதைப் பராமரிக்கவும் தினமும் பயன்படுத்தவும் மக்களுக்குத் தோதாக இல்லை. ஆய்வுக்கூடத்தில் பாஸ், வீட்டில் ஃபெயில்.

அதனால் ஷீட்டில் முதல் கோடு போடுவதற்கு முன்னால், கூழ் காய்ச்சுபவர்களிடமும் சமையல் மாஸ்டர்களிடமும் போய் உட்கார்ந்து கேட்பது நல்லது. அண்டாவின் விட்டம் என்ன, எத்தனை பேர் சேர்ந்து இறக்குகிறார்கள், எந்தப் பக்கம் நின்று கிளறுகிறார்கள், கட்டை எவ்வளவு நீளம்? இந்த நாலு அளவு கையில் இருந்தால் பாதி வடிவமைப்பு முடிந்த மாதிரி.

புகை ஏன் வருகிறது, எப்படிக் குறைப்பது?

விறகு சூடாகும்போது முதலில் வாயு வெளிவருகிறது. அந்த வாயு போதுமான சூட்டிலும் காற்றிலும் எரிந்துவிட்டால் தீ. எரியாமல் தப்பித்தால் புகை. அதாவது, புகை என்பது வீணாகிப்போன எரிபொருள். மூன்று கல் அடுப்பில் விறகின் சக்தியில் ஏறக்குறைய 10 முதல் 15 சதவீதம்தான் பாத்திரத்துக்குப் போகிறது. மிச்சம் காற்றுக்கும், பக்கத்தில் நிற்பவருக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 100 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து கொதி நிலைக்குக் கொண்டுவர சுமார் 29 மெகாஜூல் வெப்பம் தேவை. காய்ந்த விறகு ஒரு கிலோவுக்குச் சுமார் 16 மெகாஜூல் தரும். அடுப்பின் திறன் 10 சதவீதம் என்றால் 18 கிலோ விறகு வேண்டும். 25 சதவீதம் என்றால் 7 கிலோ சொச்சம் போதும். கொதி வரும் வரைக்கும் மட்டுமே இது. ஒரே அண்டா, பத்து கிலோவுக்கும் மேல் வித்தியாசம். எரிக்காத விறகிலிருந்து புகை வராது என்பதால், இதைவிட எளிதான புகைக் குறைப்பு வேறு இல்லை.

திறனைக் கூட்டுவது எப்படி? அமெரிக்கப் பொறியாளர் லாரி வினியார்ஸ்கி 1980களில் வகுத்த ‘ராக்கெட் அடுப்பு’ முறை இதற்கு நல்ல வழிகாட்டி. ‘எல்’ வடிவக் குழாயைக் கற்பனை செய்துகொள்ளலாம். படுக்கைப் பகுதியில் விறகு, நிற்கும் பகுதியில் தீ. நிற்கும் பகுதி சூட்டை வெளியே விடாத பொருளால் ஆனது. அதனால் உள்ளே சூடு ஏறி, தப்பிக்கப் பார்க்கும் வாயுவும் எரிந்துவிடும். விறகு ஒரு கம்பித் தட்டின் மேல் இருக்கும், காற்று அதன் அடியிலிருந்து வரும். கட்டையின் நுனி மட்டும் எரியும், எரிய எரிய உள்ளே தள்ளிக்கொண்டே போகணும். காற்று நுழையும் வாயும், தீ போகும் வழியும், பாத்திரத்தைச் சுற்றி விடும் இடைவெளியும் ஏறக்குறைய ஒரே பரப்பளவு இருக்க வேண்டும். எங்காவது குறுகினால் அங்கே மூச்சு முட்டும், புகை வாய் வழியாகத் திரும்பி வரும்.

அண்டாவுக்கு இது செல்லுமா? கிழக்கு ஆப்பிரிக்கப் பள்ளிக்கூடங்களில் மதிய உணவுக்கு இதே முறையில் பெரிய அடுப்புகள் இருக்கின்றன. பாத்திரம் அடுப்புக்குள் முக்கால்வாசி இறங்கி உட்காரும். அதைச் சுற்றி ஒரு உருளைச் சுவர். சூடான காற்று அடியைத் தொட்டு, பக்கங்களையும் உரசிக்கொண்டு மேலேறி, கடைசியில் புகைபோக்கிக்குப் போகும். கிளறுபவருக்கு இதில் இன்னொரு லாபம்: அண்டாவின் வாய் இடுப்பு உயரத்துக்கு வருகிறது, தீ கண்ணுக்கும் காலுக்கும் எட்டாமல் சுவருக்குள் இருக்கிறது. ஆனால் கொதிக்கும் கூழோடு அண்டாவை மேலே தூக்கி எடுக்க முடியாது. அதனால் அங்கேயே மொண்டு ஊற்றுவதற்கு ஒரு மேடையும் படியும் வேண்டும். வரிசையில் நிற்பவர்கள் எந்தப் பக்கம் வருவார்கள் என்பதும் இப்போது வடிவமைப்பின் பகுதி.

காற்றுத் திசையை மறந்துவிடக் கூடாது. ஆடியில் காலை நேரம் மேற்கிலிருந்து காற்று வரும். மதியத்துக்கு மேல் கடல்காற்று கிழக்கு, தென்கிழக்கிலிருந்து உள்ளே வரும். ஒரே நாளில் திசை ஏறக்குறைய எதிராகத் திரும்புகிறது. விறகு போடும் வாயை எதிர்காற்றில் வைத்தால் தீ வெறி பிடித்த மாதிரி எரியும். பின்காற்றில் வைத்தால் புகை ஆளின் முகத்தில். வடக்கு அல்லது தெற்குப் பார்த்து வாயை வைத்து, முன்னால் ஒரு சின்னத் தடுப்புச் சுவர் கொடுப்பது இங்கே பாதுகாப்பான தேர்வு. புகைபோக்கி பக்கத்து ஜன்னல்களைத் தாண்டி உயர வேண்டும். அது முடியாத குறுகலான சந்து என்றால், அந்த இடமே அடுப்புக்கு ஏற்றதில்லை. கோயில் முன்றில், மைதானத்து ஓரம் என்று வேறு இடம் தேடுவதே நேர்மை.

எதில் கட்டுவது?

மாணவர் ஷீட்களில் அதிகம் பார்க்கக் கிடைப்பது வழவழப்பான கான்கிரீட் கணப்பு. படத்தில் பிரமாதமாக இருக்கும். நேரடித் தீ பட்டால் சாதா கான்கிரீட்டுக்குள் இருக்கும் ஈரம் ஆவியாகி, மேற்பரப்பைச் செதில் செதிலாகப் பெயர்த்துவிடும். 400 டிகிரியைத் தாண்டினால் சிமென்ட்டின் பிடிப்பே குலையத் தொடங்கும். விறகுத் தீ அதைவிட இரண்டு மடங்கு சூட்டுக்குச் சுலபமாகப் போகும். ஆற்றுக் கூழாங்கல் இன்னும் மோசம், உள்ளே நீர் இருந்தால் வெடிக்கும். கருங்கல்லும் திடீர்ச் சூட்டில் விரிசல் விடும்.

சூளையில் நன்றாகச் சுட்ட செங்கல் ஏற்கெனவே அந்தச் சூட்டைப் பார்த்து வந்தது என்பதால் தாங்கும். தீ நேராகப் படும் உள்பக்கத்துக்கு மட்டும் ஃபயர் பிரிக் எனப்படும் தீச்செங்கல் போடலாம். இணைப்புக்கு சிமென்ட் கலவையைவிடக் களிமண் கலவை நல்லது. சூட்டில் கல் விரிந்து சுருங்கும்போது அது இடம் கொடுக்கும், பழுதானால் பூசிக்கொள்ளலாம். நம்ம பாட்டிமார் அடுப்புக்கு மண் பூசி மெழுகியதில் இருந்த விஷயம் இதுதான். சேலத்து மேக்னசைட்டில் செய்யும் கற்கள் இரும்பு உலைக்கானவை. ஷீட்டில் எழுதக் கம்பீரமாக இருக்கும், ஆனால் கூழுக்கு அது தேவையே இல்லை.

அடுத்தது மழை. 2015 டிசம்பரில் அடையாறு கரை தாண்டியபோது சைதாப்பேட்டையின் தாழ்வான பகுதிகள் மூழ்கின. தரைக்குக் கீழே குழி தோண்டும் ‘பள்ளக் கணப்பு’ இந்த ஊரில் கொசு வளர்க்கும் தொட்டியாகிவிடும். அடுப்பு மேடை தரையிலிருந்து உயர்ந்து இருக்கட்டும், சாம்பல் அறைக்கு வெளிப்பக்கம் சரிவு இருக்கட்டும், அண்டா இல்லாத நாளில் வாயை மூட ஒரு மூடி இருக்கட்டும். மின்சாரமும் சிலிண்டரும் இல்லாமல் போகும் வெள்ள நாட்களில் ஒரு தெருவுக்கே சமைக்கக்கூடிய அடுப்பு என்ன மதிப்பு என்பதை 2015ஐப் பார்த்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

எதை எரிக்கலாம், எதை எரிக்கக் கூடாது?

சவுக்குக் கட்டை, சீமைக் கருவேலம், கொட்டாங்கச்சி இவைதான் சென்னையில் சுலபமாகக் கிடைப்பவை. பச்சை மரத்தின் எடையில் பாதிக்கும் மேல் தண்ணீராக இருக்கலாம். அதை ஆவியாக்கவே சூடு போய்விடும், புகைதான் மிச்சம். ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழே வரும்வரை காய வைக்கணும். அப்படியானால் விறகு நனையாமல் அடுக்க ஒரு இடமும் வடிவமைப்பில் வேண்டும். பலர் இதை வரைவதே இல்லை.

பெயின்ட் அடித்த பலகை, பிளைவுட், பிளாஸ்டிக், டயர் எதுவும் உள்ளே போகக் கூடாது. குப்பையைத் திறந்தவெளியில் எரித்தால் 5,000 ரூபாய், பெருமளவில் எரித்தால் 25,000 ரூபாய் அபராதம் என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2016 டிசம்பரில் உத்தரவிட்டது. விறகு வாயைக் கட்டை நுழையும் அளவுக்கு மட்டும் சின்னதாக வைத்தால், குப்பையை அள்ளிக் கொட்டும் ஆசையே வராது. அறிவிப்புப் பலகையைவிட இது நன்றாக வேலை செய்யும்.

நடுவர்களிடம் எதைக் காட்டுவது?

அழகான படத்துக்கு எதிரில் ஒரு எண்ணை வைத்தால் எண்ணுக்குத் தனி எடை உண்டு. அதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டாம். சின்ன அளவில் மாதிரி அடுப்பு ஒன்றைச் செங்கல்லில் அடுக்கி, ‘தண்ணீர் கொதிக்க வைக்கும் சோதனை’ செய்யலாம். 5 லிட்டர் தண்ணீர், ஒரு தெர்மாமீட்டர், ஒரு தராசு, ஒரு கடிகாரம். அடுப்பு குளிர்ந்திருக்கும்போது ஒருமுறை, சூடாக இருக்கும்போது ஒருமுறை கொதிக்க வைத்து, பிறகு 45 நிமிடம் கொதி அடங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு கட்டத்திலும் எரிந்த விறகின் எடையைக் குறிக்கணும். பக்கத்திலேயே மூன்று கல் அடுப்பிலும் அதே சோதனை.

ஒப்பிட ஒரு அளவுகோலும் இருக்கிறது. எடுத்துச் செல்லக்கூடிய விறகு அடுப்புகளுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 13152, மின்விசிறி இல்லாத அடுப்புக்குக் குறைந்தது 25 சதவீதம், விசிறி உள்ளதற்கு 35 சதவீதம் வெப்பத் திறன் கேட்கிறது. கட்டி நிறுத்தும் பெரிய அடுப்புக்கு அது நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் ‘எங்கள் மாதிரி இந்த இடத்தில் நிற்கிறது’ என்று காட்ட உதவும். மாணவர்கள் கட்டிய முதல் அடுப்பு 15 சதவீதத்திலேயே நின்றுவிட்டால் அதையும் மறைக்காமல் போட்டு, எங்கே மாற்றினோம், எவ்வளவு ஏறியது என்று காட்டுவது இன்னும் பலம்.

மற்ற 350 நாள்?

கூழ் வார்ப்பது, பொங்கல், இரண்டு மூன்று அன்னதானம். கூட்டிப் பார்த்தால் வருஷத்தில் பத்துப் பதினைந்து நாள்தான் இந்த அடுப்பில் தீ இருக்கும். மற்ற நாளெல்லாம் அது தெருவில் சும்மா நிற்கும் ஒரு செங்கல் மேடு. நெருக்கமான சைதாப்பேட்டையில் அப்படி நிற்கும் எதுவும் சீக்கிரமே குப்பை மேடாகவோ இருசக்கர வாகன நிறுத்தமாகவோ ஆகிவிடும்.

கற்பனைக்கு உண்மையில் இடம் இருப்பது இங்கேதான். மூடி போட்ட அடுப்பு வாய் தாயக்கட்டம் வரைந்த மேசையாகலாம். மொண்டு ஊற்றும் மேடை, சாயங்காலம் பெரியவர்கள் உட்காரும் திண்ணையாகலாம். விறகு அடுக்கும் மாடம், பந்து பொறுக்க வரும் பிள்ளைகள் ஏறி விளையாடும் படியாகலாம். அதற்குச் சூடு படும் சுவரும் ஆள் உட்காரும் சுவரும் தனித்தனியாக, நடுவில் ஒரு கை அகலக் காற்று இடைவெளியோடு இருக்க வேண்டும். தீ அணைந்த பிறகும் செங்கல் பல மணி நேரம் சூட்டை வைத்துக்கொள்ளும். முந்தின நாள் ராத்திரி கூழ் காய்ச்சிய அடுப்பின் மேல் காலையில் ஒரு குழந்தை வந்து உட்காரும் என்பதை முன்கூட்டியே யோசித்து, குறுக்குவெட்டு வரைபடத்தில் அந்த இடைவெளியை அளவோடு காட்ட வேண்டும்.